மூன்றாவது ஆள் – 6: வேலியே பயிரை மேய்ந்ததா?

இதுவரை: மூளையில் நரம்பு செல்கள், அவற்றுக்குத் துணை நிற்கும் நட்சத்திர வடிவச் செல்கள் ஆகிய இரண்டும் போக மூன்றாவதாக ஏதோ ஒன்று இருக்கிறது என்றார் ஸ்பெயின் நாட்டு மேதை ரமோன் இ கஹால். அது என்ன என்பதைக் கண்டுபிடித்தவர், அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்த பியோ தெல் ரியோ ஒர்த்தேகா. வெள்ளிக் கார்பனேட் சாயத்தால் அந்தச் செல்லை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, 1919-ல் அதற்கு ‘மைக்ரோகிளியா’ என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே குருவுக்கும் சீடருக்கும் முட்டிக்கொண்டது. ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஒர்த்தேகா, உள்நாட்டுப் போர் வந்தபோது நாட்டையே விட்டுக் கிளம்பினார். பாரிஸ், ஆக்ஸ்போர்டு, கடைசியில் புவனஸ் அய்ரஸ். அவரோடு சேர்ந்து அவர் கண்டுபிடித்த செல்லும் மறக்கப்பட்டதா?

ஏறக்குறைய அப்படித்தான் ஆனது.

1945 ஜூன் 1 அன்று, 63 வயதில், புற்றுநோய் ஒர்த்தேகாவைக் கொண்டுபோனது. அவருடைய சாய முறை கைப்பழக்கம் கேட்கிற வேலை. சூடு கொஞ்சம் கூடினாலும், கழுவும் நேரம் கொஞ்சம் பிசகினாலும் கண்ணாடித் தகட்டில் ஒன்றும் தெரியாது. அந்தப் பக்குவம் தெரிந்தவர்கள் உலகத்தில் சொற்பம். போருக்குப் பின் வந்த தலைமுறைக்கோ நரம்பு செல்தான் கதாநாயகன். மின்சாரம் ஓடுவது அதில்தான், நினைவு தங்குவது அதில்தான் என்றிருந்தபோது மைக்ரோகிளியாவை யார் சீண்டுவார்கள்? ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைந்த வெள்ளணுவைத்தான் ஒர்த்தேகா தனிச் செல் என்று நினைத்துவிட்டாரோ என்றுகூடச் சர்ச்சை ஓடியது.

ஆனால், அவர் எழுதிவைத்த ஒரு குறிப்பை யாராலும் அழிக்க முடியவில்லை. மூளையில் காயம் பட்டால் இந்தச் செல் தன் மெல்லிய கிளைகளை உள்ளிழுத்துக்கொள்ளும். உருண்டு திரண்டு, காயத்தை நோக்கி நகரும். அங்கே செத்துக் கிடப்பதைத் தின்னும்.

செத்ததை மட்டும்தான் தின்னுமா?

இந்தக் கேள்வியை உரக்கக் கேட்க 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கேட்டவர், ஓர் அரசியல்வாதி!

வான்கூவர் தம்பதி

பாட்ரிக் மெக்கீரின் வாழ்க்கையை ஒரே ஆளின் வாழ்க்கை என்று நம்புவது கஷ்டம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகக் கூடைப்பந்து ஆடினார். பிரின்ஸ்டனில் வேதியியல் முனைவர் பட்டம் வாங்கினார். டூபாண்ட் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், எடித் என்ற வேதியியலாளரைச் சந்தித்துக் கல்யாணமும் செய்துகொண்டார். ஊர் திரும்பி மருத்துவம் படித்தார். 1962-ல் பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். லிபரல் கட்சியின் மாகாணத் தலைவர் ஆனார். பிறகு கட்சி மாறிக் கல்வி அமைச்சரும் ஆனார். இத்தனைக்கும் நடுவே மனைவியோடு சேர்ந்து மூளை ஆராய்ச்சியை விடாமல் நடத்தினார். 1986-ல் அரசியலுக்கு முழுக்குப் போட்டார்.

அடுத்த இரண்டே ஆண்டில் வந்தது அந்தக் கட்டுரை.

மெக்கீர் தம்பதியின் குழு செய்தது இதுதான். பார்க்கின்சன் நோயாலும் அல்சைமர் நோயாலும் இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டினார்கள். எச்எல்ஏ-டிஆர் என்ற புரதத்தைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளில் அவற்றை ஊறவைத்தார்கள். நோய் எதிர்ப்புச் செல்கள் போருக்குத் தயாராகும்போது தம் மேல் தோலில் காட்டும் அடையாளம் அந்தப் புரதம். மூளைக்கும் நோய் எதிர்ப்புக்கும் சம்பந்தமில்லை, மூளை தனிக்காட்டு ராஜா என்பதுதான் அதுவரை பாடப்புத்தகம். பாடப்புத்தகம் சரியென்றால், சாயம் எங்கும் பெரிதாக ஏறக் கூடாது.

ஏறியது.

நம் நடுமூளையில் ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ என்றொரு கரும்பகுதி உண்டு. உடல் அசைவைச் சீராக வைத்திருக்கும் டோபமைன் செல்கள் குடியிருக்கும் இடம் அது. அந்தச் செல்களின் கருநிறமிதான் அந்தப் பகுதிக்கு அந்த நிறத்தைத் தருகிறது. பார்க்கின்சன் நோயாளிகளின் சீவலில் அந்த நிறமி செல்லுக்கு வெளியே சிந்திக் கிடந்தது. நிறமியைச் சுமந்திருந்த செல்கள் செத்துவிட்டன என்று அதற்கு அர்த்தம். அதே இடத்தில் கூட்டம் கூட்டமாக, சாயம் ஏறிய மைக்ரோகிளியா. ஒவ்வொரு பார்க்கின்சன் நோயாளியின் மூளையிலும் இதே காட்சி. அல்சைமர் மூளையிலும் அந்தச் செல்கள் கிளர்ந்து நின்றன.

இதற்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்லலாம். நரம்பு செல் வேறு ஏதோ காரணத்தால் செத்தது, மைக்ரோகிளியா துப்புரவுக்கு வந்தது என்பது ஒன்று. மைக்ரோகிளியாவே வெறி பிடித்து, உயிரோடிருந்த நரம்பு செல்லைக் கொன்றது என்பது இன்னொன்று. பயிரைக் காக்கத்தான் வேலி போடுகிறோம். வேலியே பயிரை மேய்ந்தால்?

மெக்கீர் தம்பதி இரண்டாவது பக்கம் சாய்ந்தார்கள். சாய்ந்ததோடு நிற்காமல் சாட்சி தேடினார்கள். அந்தத் தேடல்தான் அருமை. மூளையை விட்டுவிட்டு மூட்டுகளைப் பார்த்தார்கள்!

முடக்குவாத நோயாளிகள் வலி பொறுக்காமல் ஆண்டுக்கணக்கில் அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளை விழுங்குகிறவர்கள். மூளைச் சேதத்துக்கு மைக்ரோகிளியா கிளப்பும் அழற்சிதான் காரணம் என்றால் இவர்களுக்கு அல்சைமர் குறைவாக வர வேண்டும். பதிவுகளைப் புரட்டினார்கள். குறைவாகத்தான் இருந்தது! 1990-ல் ‘லான்செட்’ இதழில் அதை எழுதினார்கள். அடுத்து ஜப்பானின் தொழுநோய் இல்லங்கள். தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோனுக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு. அதைத் தொடர்ந்து எடுத்த முதியவர்களிடம், எடுக்காதவர்களைவிட மறதி நோய் குறைவு என்று 1992-ல் எழுதினார்கள்.

1993-ல் அமெரிக்காவில், அரிசோனா மாகாணத்தின் சன் சிட்டி என்ற ஓய்வூதியர்கள் நகரத்தில் ஜோசப் ரோஜர்ஸ் என்ற ஆய்வாளர் நேரடியாகவே மருந்து கொடுத்துப் பார்த்தார். 44 அல்சைமர் நோயாளிகள், பாதிப் பேருக்கு இண்டோமெதசின் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, ஆறு மாதம். மருந்து எடுத்தவர்களின் நினைவாற்றல் நிலையாக நின்றது, மற்றவர்களுக்குச் சரிந்தது. ஆனால், வயிற்றைப் புண்ணாக்கும் மருந்து அது. பலர் பாதியிலேயே விலக, கடைசி வரை நின்றவர்கள் 28 பேர் மட்டும்.

சின்ன ஆய்வு என்று ஒதுக்கிவிடலாம். 2001 நவம்பரில் வந்ததை ஒதுக்க முடியவில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 55 வயது தாண்டிய 6,989 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு அது. என்ன மாத்திரை எடுத்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்காமல் மருந்துக்கடைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் அழற்சி எதிர்ப்பு மருந்து எடுத்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களுடன் ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு!

தலைவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரை மறதி நோயைத் தடுக்குமா? அமெரிக்கா அந்த ஆண்டே சோதனையைத் தொடங்கியிருந்தது. அதற்குள் ஒரு வெடிகுண்டு இருந்தது யாருக்கும் தெரியாது.

டிசம்பர் 17, 2004

சோதனையின் பெயர் ‘அடாப்ட்’. பெற்றோரில் அல்லது உடன்பிறந்தாரில் ஒருவருக்கு அல்சைமர் வந்த, 70 வயது தாண்டிய, இன்னும் நல்ல நினைவோடு இருக்கும் 2,528 பேர். ஆறு நகரங்கள். ஒரு பகுதியினருக்கு நாப்ராக்சன் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து, ஒரு பகுதியினருக்குச் செலிகாக்சிப் என்ற இன்னொன்று, மிச்சப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆண்டுகள் ஓட ஓட, யாருக்கு மறதி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் நிறுவனம் ‘வயாக்ஸ்’ மாத்திரையை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்பது காரணம். வயாக்ஸும் செலிகாக்சிப்பும் ஒரே குடும்பத்து மருந்துகள். டிசம்பர் 17 அன்று, புற்றுநோய்த் தடுப்புக்காக நடந்த வேறொரு சோதனையில் செலிகாக்சிப்பும் இதயத்தைப் பதம் பார்க்கிறது என்ற செய்தி வெளியானது. அன்றைக்கே ‘அடாப்ட்’ நிறுத்தப்பட்டது. 2,528 பேரிடமும் மாத்திரையைக் கீழே வைக்கச் சொன்னார்கள்.

சோதனை நின்றாலும் ஆட்களைக் கண்காணிப்பது நிற்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் கணக்குப் பார்த்தார்கள். இரண்டு மருந்துகளில் எதுவும் மறதி நோயைத் தடுக்கவில்லை. ராட்டர்டாமில் கண்ட ஐந்தில் ஒரு பங்கு, சோதனையில் காற்றோடு போயிற்று.

மருந்து தப்பா? கொடுத்த காலம் தப்பா? அல்லது, மைக்ரோகிளியாவைப் பற்றிய கணிப்பே தப்பா?

மூன்றாவது சந்தேகத்துக்கு 2005-ல் ஒரு சாட்சி கிடைத்தது. அதுவரை மைக்ரோகிளியாவைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் செத்த மூளையில்தான் பார்த்தார்கள். கிளைகளை விரித்திருந்தால் ‘ஓய்வு நிலை’, உருண்டு திரண்டிருந்தால் ‘கிளர்ச்சி நிலை’ என்று பிரித்துவைத்திருந்தார்கள். உயிருள்ள மூளையில் பார்த்தால் என்ன?

பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மண்டையோட்டைத் திறந்தாலே அது காயம். காயம் என்றாலே மைக்ரோகிளியா கிளர்ந்துவிடும். எனவே ஜெர்மனியில் நிம்மர்யான், கிர்ஷ்ஹோஃப், ஹெல்ம்ஷென் மூவரும் ஒரு வழி செய்தார்கள். மைக்ரோகிளியா மட்டும் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றிய எலி. அதன் மண்டையோட்டைத் திறக்காமல், ஒளி ஊடுருவும் அளவுக்கு மட்டும் பொறுமையாகத் தேய்த்து மெலிதாக்கினார்கள். மேலிருந்து அகச்சிவப்பு லேசர்.

செல்லின் உடல் இருந்த இடத்திலேயே இருந்தது. கிளைகள் ஓயவில்லை. ஒரு கிளை நீளும், நுனி எதையோ தொட்டுப் பார்க்கும், பின்வாங்கும். அதற்குள் பக்கத்தில் வேறொரு கிளை முளைக்கும். நிமிஷத்துக்கு நிமிஷம் வடிவம் மாறியது. இந்த வேகத்தில் போனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூளையின் இண்டு இடுக்கு முழுவதையும் இந்தச் செல்கள் தடவிப் பார்த்துவிடும் என்று கணக்கிட்டார்கள். லேசரின் வீரியத்தைக் கூட்டி, நுண்ணிய ரத்தக் குழாய் ஒன்றில் சிறு பொத்தல் போட்டார்கள். சில நிமிஷங்களுக்குள் அக்கம்பக்கத்துச் செல்களின் கிளைகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி, காயத்தைச் சூழ்ந்து மூடின.

ஓய்வு நிலை என்று ஒன்று கிடையவே கிடையாது. ராப்பகலாக ரோந்து போகிற செல்லைத்தான் மாத்திரை போட்டு அடக்கப் பார்த்தார்கள்.

அடக்கினால் என்ன ஆகும் என்று காட்டியது 2007. ஏஎல்எஸ் என்பது ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த நோய். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாக மடியும். முகப்பருவுக்குக் கொடுக்கும் மினோசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாடிக், மைக்ரோகிளியாவின் கிளர்ச்சியைத் தணிக்கும். ஏஎல்எஸ் எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் நீண்டது. நம்பிக்கையோடு 412 நோயாளிகளுக்குச் சோதனை நடந்தது. முடிவைப் பிரித்தபோது, மருந்து எடுத்தவர்களின் உடல் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 25 சதவீதம் வேகமாகச் சரிந்திருந்தது!

வேலியைப் பிடுங்கப் போய்ப் பயிருக்குச் சேதம். அப்படியென்றால், உண்மையில் யார் குற்றவாளி?

பதில் ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஒரு தீவிலிருந்து வந்தது.

ஐஸ்லாந்தின் ரத்தம்

ஐஸ்லாந்தில் மக்கள் தொகை குறைவு, வம்சாவளிப் பதிவுகள் மிக அதிகம். காரி ஸ்டெஃபான்சன் தொடங்கிய டிகோட் நிறுவனம் இந்த இரண்டையும் வைத்து மரபணு வேட்டை நடத்தியது. 2,261 பேரின் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்து, அல்சைமர் நோயாளிகளிடம் மட்டும் தூக்கலாகத் தெரியும் எழுத்துப்பிழை எது என்று தேடினார்கள். ஆறாவது குரோமோசோமில் ஒன்று அகப்பட்டது. ட்ரெம்-2 என்ற மரபணு. அது தயாரிக்கும் புரதத்தில் 47-வது இடத்தில் இருக்க வேண்டிய அமினோ அமிலம் மாறியிருந்தது. இந்தப் பிழையைச் சுமப்பவர்களுக்கு அல்சைமர் வரும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு.

அதே சமயம் லண்டனில் ரீத்தா கெரெய்ரோவும் ஜான் ஹார்டியும் வேறொரு பாதையில் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையிலும் அகப்பட்டது அதே ட்ரெம்-2, அதே 47-வது இடம். இரண்டு கட்டுரைகளும் 2012 நவம்பரில் ஒரே இதழில் சேர்ந்தே வெளியாயின.

ட்ரெம்-2 என்பது செல்லின் மேல்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உணர்வான். சிதைந்த செல்களின் கொழுப்பு, அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் போன்றவற்றைத் தொட்டு உணர்ந்து ‘தின்னு’ என்று உள்ளே தகவல் அனுப்பும். மூளையில் அது எந்தச் செல்லில் இருக்கிறது தெரியுமா? மைக்ரோகிளியாவில்தான். மெக்கீர் தம்பதி சாயம் ஏற்றிக் காட்டிய அதே செல்!

இப்போது வழக்கே தலைகீழானது. மைக்ரோகிளியா அளவுக்கு மீறி வேலை செய்வதுதான் கோளாறு என்றால், அதன் உணர்வான் மழுங்கியவர்களுக்கு நோய் குறைய வேண்டும். இங்கே மூன்று மடங்கு கூடுகிறது. வேலி மேயவில்லை, வேலியில் ஓட்டை!

இதற்கு இன்னும் பயங்கரமான சாட்சி முன்பே இருந்தது. 1970-களில் பின்லாந்திலும் ஜப்பானிலும் மருத்துவர்கள் ஒரு விசித்திர நோயைத் தனித்தனியாகப் பதிவுசெய்தார்கள். நல்ல ஆரோக்கியமான இளைஞர்களுக்கு இருபதுகளின் கடைசியில் கணுக்காலும் மணிக்கட்டும் வலிக்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால் எலும்புக்குள் ஓட்டைகள். லேசாக விழுந்தாலே முறியும். முப்பதுகளில் குணம் மாறும். நாற்பதுகளில் மறதி. ஐம்பதைப் பார்க்கிறவர்கள் குறைவு. நாசு-ஹகோலா நோய் என்று பெயர். எலும்புக்கும் மறதிக்கும் என்ன தொடர்பு என்று யாருக்கும் பிடிபடவில்லை. 2002-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் சில நோயாளிக் குடும்பங்களில் பழுதான மரபணு எது என்று கண்டுபிடித்தார்கள். ட்ரெம்-2!

எலும்பைத் தின்று புதுப்பிக்கும் செல்லும் மைக்ரோகிளியாவும் பங்காளிகள். இரண்டிலும் ட்ரெம்-2 உண்டு. இரண்டு பிரதியும் பழுதானால் நாற்பதிலேயே மறதி. ஒரு பிரதி கொஞ்சம் மழுங்கினால் வயோதிகத்தில் அல்சைமர். பத்து ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு தடயங்களும் ஒரே செல்லைக் காட்டின.

அப்படியானால் மருந்துக்கான வழி தெளிவு. அடக்காதே, தூண்டு. கம்பெனிகள் ட்ரெம்-2-ஐ உசுப்பும் மருந்துகளைத் தயாரிக்க இறங்கின. அந்த நேரம் பார்த்து, கலிபோர்னியாவிலிருந்து நேர் எதிரான செய்தி ஒன்று வந்தது.

ஒன்றுகூட மிச்சமில்லாமல்

அர்வைன் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிம் கிரீனும் மோனிகா எல்மோரும் கேட்ட கேள்வி முரட்டுத்தனமானது. மைக்ரோகிளியாவை அடக்கவும் வேண்டாம், தூண்டவும் வேண்டாம். அடியோடு ஒழித்துவிட்டால் என்ன ஆகும்?

அந்தச் செல் உயிர்வாழ சிஎஸ்எஃப்1ஆர் என்ற உணர்வான் வழியாக ஓயாமல் சமிக்ஞை வந்துகொண்டிருக்க வேண்டும். அதை அடைக்கும் மருந்தைத் தீவனத்தில் கலந்து, வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் மூளையின் மைக்ரோகிளியாவில் 99 சதவீதம் காலி. எலிகள் நடமாடின, தின்றன, நினைவுச் சோதனைகளில் வழக்கம்போலத் தேறின. மருந்தை நிறுத்தியதும் ஒரே வாரத்தில் புதிய மைக்ரோகிளியா முளைத்து மூளையை நிரப்பின. 2014-ல் வெளியான இந்தக் கட்டுரை துறையையே உலுக்கியது.

அடுத்து, அல்சைமர் எலிகள். நோய் முற்றிய எலிகளில் மைக்ரோகிளியாவை ஒழித்தபோது அமிலாய்டுப் படிவுகள் அப்படியே இருந்தன. நரம்பு செல்கள் சாவது மட்டும் நின்றது. 2019-ல், நோய் தொடங்கும் முன்பே ஒழித்துப் பார்த்தார்கள். மூளைத் திசுவில் படிவுகளே பெரிதாக உருவாகவில்லை. அமிலாய்டு ரத்தக் குழாய்ச் சுவர்களில் போய் ஒட்டிக்கொண்டது.

ஐஸ்லாந்து மனிதர்களிடம் செல் மழுங்கியதால் நோய் கூடுகிறது. அர்வைன் எலிகளிடம் செல்லே இல்லாததால் நோய் குறைகிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

முடிச்சை அவிழ்க்கும் நுனி 2017-லேயே இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் கிடைத்திருந்தது. இடோ அமித், மிகால் ஷ்வார்ட்ஸ் குழுவினர் அல்சைமர் எலியின் நோய் எதிர்ப்புச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்த மரபணு விழித்திருக்கிறது என்று படித்தார்கள். மைக்ரோகிளியா ஒரே ரகமாக இல்லை. பெரும்பாலானவை வழக்கமான நிலையில் இருக்க, ஒரு கூட்டம் மட்டும் முற்றிலும் வேறு முகம் காட்டியது. அமிலாய்டுப் படிவைச் சுற்றி நின்றதும் அந்தக் கூட்டம்தான். அந்த மாற்றமும் ஒரே தாவலில் நடக்கவில்லை, இரண்டு படிகளில் நடந்தது. முதல் படிக்கு ட்ரெம்-2 தேவையில்லை. இரண்டாவது படிக்கு அது இல்லாமல் முடியாது.

ஆக, ‘மைக்ரோகிளியா நல்லதா கெட்டதா’ என்ற கேள்வியே பிசகு. எந்தக் கட்டத்தில், எந்த முகத்தோடு நிற்கும் மைக்ரோகிளியா என்று கேட்டிருக்க வேண்டும். தொடக்கத்தில் படிவு விதைபோட உதவுவதும் அது. பின்னால் அதே படிவைச் சூழ்ந்து இறுக்கி, நரம்பு செல்லுக்குச் சேதம் பரவாமல் தடுப்பதும் அது. முற்றிய கட்டத்தில் அக்கம்பக்கத்து நரம்பு செல்லை நோகடிப்பதும் அது. 70 வயது முதியவருக்கு நாப்ராக்சன் கொடுத்தவர்களுக்கு, அவர் மூளை அன்றைக்கு எந்தக் கட்டத்தில் இருந்தது என்று தெரிய வழியில்லை. மெக்கீர் கண்டதும் பொய்யில்லை, ஸ்டெஃபான்சன் கண்டதும் பொய்யில்லை. ஒரே நோயின் வேறு வேறு நேரங்களை அவர்கள் பார்த்தார்கள்.

இதைப் புரிந்துகொண்ட பிறகாவது மருந்து வேலை செய்ததா?

381 பேர்

சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே இருக்கிறது அலெக்டர் நிறுவனம். ட்ரெம்-2-ஐப் பிடித்து உசுப்பும் எதிர்ப்பொருள் ஒன்றைத் தயாரித்து, ஏஎல்002 என்று பெயரிட்டது. ஆப்வீ நிறுவனம் கைகோத்தது. 2021-ல் இரண்டாம் கட்டச் சோதனை தொடங்கியது. அல்சைமரின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த 381 பேர். மாதம் ஒருமுறை ரத்த நாளம் வழியாக மருந்து, அதிகபட்சம் 96 வாரம்.

இடையில் வெளியே காற்று சாதகமாக வீசியது. 2023-ல் லெகானிமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. அது அமிலாய்டின் மேல் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள். ஒட்டிய பிறகு அந்தப் படிவைத் தின்று அகற்றுவதில் முக்கியப் பங்கு மைக்ரோகிளியாவுக்கு. 18 மாதச் சோதனையில் நோயின் சரிவை 27 சதவீதம் மட்டுப்படுத்தியது. மைக்ரோகிளியாவை மறைமுகமாக வேலை வாங்கியதற்கே இவ்வளவு பலன் என்றால், நேரடியாக உசுப்பினால்?

2024 நவம்பரில் முடிவு வந்தது. ஏஎல்002 மூளைக்குள் போய்ச் சேர்ந்தது. ட்ரெம்-2-ஐப் பிடித்தது. தண்டுவட நீரில் அதற்கான அடையாளங்கள் தெரிந்தன. மைக்ரோகிளியா உசுப்பப்பட்டது உண்மை. ஆனால், மறதியின் சரிவு குறையவில்லை. அமிலாய்டும் குறையவில்லை. சிலருக்கு எம்ஆர்ஐ படத்தில் மூளை வீக்கமும் நுண்கசிவும் தெரிந்தன. சோதனையின் தொடர்ச்சியை நிறுத்திவிட்டதாக அலெக்டர் அறிவித்தது.

குறி தப்பவில்லை, அம்பு தைத்தது, நோய் அசையவில்லை. படிவுகள் நிலைத்து, நரம்பு செல்கள் சாகத் தொடங்கிய பிறகு ட்ரெம்-2-ஐ மட்டும் தட்டி எழுப்பினால் போதாது என்பதுதான் 381 பேர் கற்றுக்கொடுத்த பாடம். அடக்கிப் பார்த்தாயிற்று. உசுப்பியும் பார்த்தாயிற்று.

மிச்சமிருந்தது ஒரே வழி. பழைய செல்லை வழிக்குக் கொண்டுவரும் முயற்சியையே கைவிட்டு, ஆளையே மாற்றுவது!

அர்வைன் எலிகளில் அடைத்த அந்த சிஎஸ்எஃப்1ஆர் உணர்வான் நினைவிருக்கிறதா? அதற்கான மரபணு பிறவியிலேயே பழுதான மனிதர்கள் இருக்கிறார்கள் என்று 2012-ல் தெரியவந்தது. நோயின் பெயர் ஏஎல்எஸ்பி. பெரும்பாலும் நாற்பதுகளில் நடை தடுமாறும், நினைவு குழம்பும், மூளையின் வெண்பகுதி அரித்துக்கொண்டே போகும். மருந்தே கிடையாது. மைக்ரோகிளியாவின் கோளாறால் மட்டுமே வரும் நோய் என்பதால், இந்தச் செல்லை மாற்றினால் பலன் உண்டா என்று பார்க்க இதைவிடத் தெளிவான இடம் கிடையாது.

ஷாங்காய் நகரில் மருத்துவர்கள் அப்படிப்பட்ட 8 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் கீமோ மருந்து செலுத்தி அவர்களுடைய எலும்பு மஜ்ஜையை வெறுமையாக்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி முற்றாக வடிந்துவிடும் அந்த நாட்களில், சாதாரணக் கிருமித்தொற்றுகூட ஆளைக் கொல்லலாம். பிறகு வேறொருவரின் மஜ்ஜையை ஏற்ற வேண்டும். அந்த அந்நியச் செல்கள் ரத்தத்தில் ஏறி, மூளைக்குள் நுழைந்து, பழுதான மைக்ரோகிளியாவின் இடத்தைப் பிடிக்குமா? பிடித்தாலும், கருவிலிருந்தே மூளையில் குடியிருந்த செல்களின் வேலையை மஜ்ஜையிலிருந்து வந்த செல் செய்யுமா? கரு வளரும் தொடக்கக் கட்டத்திலேயே மைக்ரோகிளியா மூளைக்குள் குடியேறிவிடுகிறது என்று 2010-ல் நிரூபித்திருந்தார்கள். புதிதாக வருபவற்றை மூளை ஏற்குமா, விரட்டுமா?

24 மாதங்கள் கழித்து அந்த 8 பேரின் எம்ஆர்ஐ படங்களும் வரிசையாக மேசைக்கு வந்தன. சிகிச்சைக்கு முன் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் புதிய படத்தை வைத்துப் பார்த்தபோது...

(அடுத்த வாரம்: ஷாங்காயின் எட்டு பேர்)